சுருங்கத் தெரிந்தது, விரியத் தெரியவில்லை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. வழியில் பார்க்கிறவர்கள் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஜெபம் பண்ண வந்த பிள்ளைகள வாசலோட திருப்பி அனுப்பிட்டீகளாமே?" என்கிறார்கள். முதல் கேள்விக்குத் தேவைக்கு மேலேயே பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு இதுவரை ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. வாயால் சொல்ல மூச்சும் போதாது. ஆகவே எழுதிவிடுகிறேன். இரண்டு கேள்விக்கும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நான் போடிநாயக்கனூர்க்காரன். வயது எழுபத்து மூன்று. பி.யூ.சி. முடித்த கையோடு மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் ரைட்டராகச் சேர்ந்து, தலை நரைத்த பிறகுதான் இறங்கினேன். தோட்டத்து ரைட்டருக்கு எழுதுகிற வேலையைவிட எண்ணுகிற வேலை அதிகம். காலையில் ஆட்களை எண்ண வேண்டும், சாயங்காலம் காயை எடை போட வேண்டும், பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பிடித்த எண்ணும் பழக்கம் இன்றுவரை விடவில்லை. பஸ்சில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். ஆராதனையில் முதல் பாட்டு முடிவதற்குள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். என் மனைவி ரத்தினம், "நீங்க செத்தாலும் கூட்டம் எத்தனைன்னு எண்ணிட்டுத்தான் கண்ண மூடுவீக" என்பாள்.

திங்கள் விடியற்காலை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை இருட்டும்போதுதான் இறங்குவேன். ஞாயிறு ஒன்றுதான் வீட்டில். காய் எடுக்கும் காலத்தில் முதலாளி எத்தனையோ முறை ஞாயிற்றுக்கிழமையும் இருக்கச் சொன்னார். "மத்த ஆறு நாளும் உங்களுது முதலாளி, ஏழாம் நாள் ஆண்டவருடையது" என்று சொல்லிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். ஓய்வுநாளை விட்டுக்கொடுக்காதவன் என்று சபையில் எனக்கு நல்ல பெயர். நானே அதைச் சாட்சியாகப் பல முறை சொல்லியிருக்கிறேன்.

அந்த ஏழாம் நாளில் நான் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். விடிவதற்குள் போய் ஆலயத்தைத் திறப்பேன். ஞாயிறு பள்ளி, ஆராதனை, அதன்பின் கமிட்டி. வெளியூரிலிருந்து தேவசெய்தி கொடுக்க வந்தவர் யாராக இருந்தாலும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். சாப்பிட்ட கையோடு மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி ஊழியம். அந்த ஊழியத்தை ஆரம்பித்தவனே நான்தான். ஏழெட்டுப் பேராகப் போவோம். ஒவ்வொரு கட்டிலாக நின்று, ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வோம். வீட்டுக்கு வரும்போது தெருவிளக்கு எரியும். மலைமேல் செய்யமாட்டேன் என்ற வேலையையெல்லாம் கீழே வந்து செய்துகொண்டிருந்தேன். அதை யாரும் வேலை என்று சொல்லாததால் நானும் சொல்லவில்லை.

வியாதி காலில் ஆரம்பித்தது. சாயங்காலமானால் பாதம் வீங்கும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து நிற்கும். செருப்பு சரியில்லை என்றேன். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. எத்தனையோ வருஷம் ஸ்டோர்ப் புகை குடித்த நெஞ்சு என்றேன். கடைசியில் ஒரு ஞாயிறு ஆராதனையில் பாட்டின் ஒரு வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. பாதி வரியில் நிறுத்தி, மற்றவர்கள் முடிக்கும்வரை வாயை மட்டும் அசைத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ரத்தினம் திரும்பிப் பார்த்தாள்.

"வெரசா கெளம்புங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் ஆலயம் விட்டதும்.

"மதியம் ஊழியம் இருக்கு. நாளைக்குப் பாப்போம்."

"ஆஸ்பத்திரிக்குத்தானே போறீக? அப்படியே ஒரு கட்டில்ல படுத்துக்கிரலாம்ல" என்றாள்.

அன்றும் ஊழியத்துக்குப் போனேன். மறுநாள் அதிகாலை கட்டிலில் உட்கார்ந்தபடியே மூழ்குகிறவனைப் போல மூச்சுக்குத் தவித்தேன். கம்பத்தில் இருக்கும் எங்கள் மகன் ஜெபராஜ் கார் பிடித்து வருவதற்குள் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. தேனியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

முதல் நாள் மூக்கில் ஆக்சிஜன், கையில் ஊசி, சிறுநீர் அளக்கும் பை. நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, அதை இறக்குகிற மருந்து போகிறது என்றார்கள். பைக்குள் எவ்வளவு வந்தது என்று நர்சு குறித்துப் போவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "தாத்தா, எனக்கு வேலை மிச்சம்" என்றது. மார்பில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு எக்கோ. இது வலிக்காத சோதனை. மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்துவார்கள். இதயம் துடிப்பது டிவியில் தெரிவது போலத் தெரியும். வெளியே அதற்காகக் காத்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். நான் பதினேழாவது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, முன்னால் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, என் முறை எப்போது வரும் என்று ரத்தினத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவாள். நான் அடுத்த கணக்கைச் சொல்வேன். அவள் கண்ணைத் திறந்து "ம்" என்பாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எங்களுக்கு எல்லாம் சொன்னவர் ஒரு பெண் டாக்டர். எங்கள் மகனைவிடச் சின்ன வயது. மாரடைப்பு ஏதும் இல்லை, இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் வேகமும் நன்றாகவே இருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஆனா ஐயா, உங்க இதயம் ஓய்வு எடுக்க மாட்டேங்குது" என்றார். பின்னால் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் இதயம் ஓய்வே எடுக்கிறதில்லையாம். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க" என்று நற்சான்றுப் பத்திரம் வாங்கியவன் போலச் சொன்னேன். எனக்குத் தெரிந்த தமிழில் ஓய்வது என்றால் அடங்கிப்போவது. மழை ஓயும், காற்று ஓயும், மனுஷனும் ஒருநாள் ஓய்வான். ஓயாத இதயம் நல்ல இதயம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை டாக்டரின் காதிலும் இது விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையை முட்டியாக மடக்கிக் காட்டினார்.

"இதுதான் இதயம்னு வெச்சுக்கோங்க. இப்ப சுருங்குது. ரத்தம் வெளிய போகுது. எல்லாரும் இதைத்தான் வேலைன்னு நினைக்கிறாங்க." முட்டியை மெதுவாகத் திறந்தார். "இப்ப விரியுது. இதுதான் அதுக்கு ஓய்வு. விரிஞ்சாத்தான் உள்ள ரத்தம் வரும். உள்ள வந்தாத்தானே ஐயா வெளிய அனுப்ப முடியும்? உங்க இதயத்துக்குச் சுருங்கத் தெரியுது, விரியத் தெரியல. வருஷக்கணக்கா ரத்த அழுத்தத்தைக் கவனிக்காம விட்டதால சுவர் தடிச்சு இறுகிப்போச்சு. உள்ள வர இடமில்லாத ரத்தம் பின்னாடி நுரையீரல்ல தேங்குது. அந்தத் தண்ணிதான் உங்களை மூழ்கடிக்கப் பாத்தது."

"பழையபடி இளகிருமா?"

"இளகாது. மோசமாகாமப் பாத்துக்கலாம். உப்பைக் குறைக்கணும், தண்ணியை அளந்து குடிக்கணும், மாத்திரை, அப்புறம் ஓய்வு. திங்கக்கிழமைக்குள்ள நுரையீரல் தெளியணும். தெளியலன்னா மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மறுபடி ஒரு தடவை அந்த மாதிரி மூச்சு முட்டுனா தாங்குறது கஷ்டம்." எழுந்தவர் நின்று, "இன்னொண்ணு. இதயத்துக்கே சோறு வேணும்ல? அதுக்குப் போற ரத்தம் பெரும்பாலும் அது விரிஞ்சு இருக்கிற நேரத்துலதான் போகும்" என்றார்.

அவர் போன பிறகு என் கையை மடக்கி மடக்கித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்து மூன்று வயதில்தான் தெரிகிறது, பாதி நேரம் சும்மா இருப்பதுதான் இதயத்தின் வேலையாம்.

அறையில் இரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் மலையடிவாரத்துக் குரங்கணி ஊர்க்காரர் மாரியப்பன். தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும். அவருக்கு இதயக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயைப் பொருத்தியிருந்தார்கள். அவர் அதை ஸ்பிரிங் என்பார். டாக்டர் சொன்னதையெல்லாம் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எனக்கு ஸ்பிரிங்கு இல்லன்னு புதுசா மாட்டியிருக்காக. ரைட்டரய்யாவுக்கு இருக்கிற ஸ்பிரிங்கு இறுகிப்போச்சு. ரெண்டு பேரும் பழைய வண்டிதான்" என்றார். ரத்தினம் வந்த நாளிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள்.

ஒருநாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரைட்டரய்யா, ஞாயித்துக்கெழம போடி ஆஸ்பத்திரியில பாட்டுப் பாடிக்கிட்டு வருவீகளே, அது நீங்கதானே?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. "ஆமா. உங்களுக்கும் ஜெபிச்சிருக்கேனா?"

"நல்லாக் கேட்டீக. குரங்கணி வளைவுல ஜீப்பு கவுந்து கால் ஒடஞ்சு கெடக்கேன். மூணு நாளாத் தூக்கமில்ல, வலி. அன்னிக்கு மத்தியானம் என்னமோ ஊசி போட்டாக, அப்படியே அசந்துட்டேன். ஆரோ தோளத் தட்டுறாக. கண்ணத் தெறந்து பாத்தா சுத்தி எட்டுப் பேரு, கண்ண மூடிக்கிட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீக. சரி, செத்துட்டோம் போலன்னு நெனச்சுட்டேன்."

ரத்தினம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறைக்குள் வந்த நர்சும் சிரித்தது. நானும் சிரித்தேன். மூச்சு வாங்கியது.

"அப்புறம் தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"அது எங்க வந்துச்சு? ஆனா தப்பாச் சொல்லலய்யா. நல்லதுக்குத்தானே வந்தீக. ஒரு ஆரஞ்சுப் பழங்கூடக் குடுத்தீக."

தோளைத் தட்டுவது நான் போட்ட விதி. புதிதாக ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்வேன்: 'தூங்கினால் மெல்லத் தோளைத் தொட்டு எழுப்புங்கள். தூக்கம் நாளைக்கும் வரும். ஜெபிக்க ஆள் நாளைக்கு வராது.' அந்த வாக்கியம் எனக்கே பிடித்த வாக்கியம். படகில் புயல் அடித்தபோது சீஷர்கள் ஆண்டவரை எழுப்பினார்கள் என்பதை வைத்து நான் எத்தனையோ செய்தி கொடுத்திருக்கிறேன். விசுவாசத்தைப் பற்றிப் பேசுவேன், காற்றும் கடலும் அடங்கியதைப் பற்றிப் பேசுவேன். அந்தப் படகில் ஒரு தலையணை இருந்தது, அதில் தலைவைத்து அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார் என்பதை ஒரு முறையும் பேசியதில்லை. நாளெல்லாம் ஜனங்களுக்குப் பேசிக் களைத்திருந்தார்; களைத்ததால் தூங்கினார். மற்றவர்கள் பதறிக்கொண்டிருக்கும்போது தூங்குவது அவருக்குக் குற்றமாகத் தெரியவில்லை. அவரை எழுப்பினவர்களின் பக்கத்தில்தான் நான் எப்போதும் நின்றிருக்கிறேன்.

தாகம்தான் பெரிய பாடு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்னதை ரத்தினம் ஒரு பாட்டிலில் அளந்து வைத்திருந்தாள். நான் கேட்கும்போதெல்லாம் மூடியில் ஊற்றித் தருவாள். அதுவும் தீர்ந்தால் முந்தானை முடிச்சிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து, தோலோடு என் நாக்கில் வைப்பாள். வாயில் எச்சில் ஊறும். கொஞ்ச நேரம் தாகம் தெரியாது. மகன் தினமும் வேலை முடித்துக் கம்பத்திலிருந்து வருவான். பில்லை மட்டும் என் கண்ணில் காட்டமாட்டான். கேட்டால், "அப்பா, நீங்க கூட்டிப் பாத்தா பிரஷர் கூடும்" என்பான். எனக்குத் தெரியாமல் அவன் மனைவியின் வளையல் எங்கேயோ போயிருக்கிறது. அவள் கையைப் பார்த்தேன், எண்ணத் தெரிந்தவனுக்கு அது போதும்.

ராத்திரி ரத்தினம் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். படுப்பாள் என்றுதான் சொல்ல முடியும். மருந்து சொட்டுவது நின்றுவிட்டதோ என்று நான் கூப்பிடுவேன். பை நிறைந்துவிட்டதோ என்று கூப்பிடுவேன். ஒன்றும் இல்லாதபோது, "ரத்தினம், தூங்கிட்டியா?" என்று கேட்பேன். அவளுக்கு வயது அறுபத்தேழு. முட்டி மடக்க முடியாது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். ஒரு முறைகூட முணுமுணுத்ததில்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் நினைத்த அளவு இறங்கவில்லை, திங்கள்வரை பார்ப்போம் என்று மறுபடி சொன்னபோது, அவள் என்னைப் பார்க்காமல் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

ஞாயிறு வந்தது. அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆலயத்தை யார் திறந்திருப்பார்கள், முதல் பாட்டுக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்றே யோசித்தேன். மதியம் ரத்தினம் எனக்கு உப்பில்லாக் கஞ்சி கொடுத்துவிட்டு, தான் இரண்டு வாய் சாப்பிட்டு, பாயை விரித்துச் சாய்ந்தாள். சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தலைக்குக் கீழே, இன்னொரு கையில் அந்தப் பாட்டில் மூடி.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தோன்றியது. எப்படிப் பார்த்திருக்க முடியும்? விருந்தாளியின் இலைகளை அவள் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். தோட்டத்தில் இருந்த காலத்தில் வாரத்தில் நான் வீட்டில் இருக்கிற ஒரே நாள் அது. அந்த நாளில் நான் இருந்ததில்லை, அவள் உட்கார்ந்ததில்லை. ஓய்வுநாளை ஆசரித்தேன் என்று சாட்சி சொன்னேனே, எங்கள் வீட்டில் அதை ஆசரித்தவர் யார்? மொத்தம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று பெருக்கிப் பார்த்தால் வந்துவிடும். சுலபமான கணக்கு. நான் பெருக்கவில்லை.

அறையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை மாரியப்பன் தானாகவே நிறுத்தினார்.

அப்போதுதான் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. கேட்டதுமே தெரிந்துவிட்டது. நம் ஊழியப் பிள்ளைகள். முன்னால் தானியேல், பின்னால் ஏழு பேர். ஒருவர் கையில் கிடார். போடியிலிருந்து வேன் பிடித்து, அந்த வெயிலில் வந்திருந்தார்கள். தானியேலுக்கு முப்பத்தைந்து வயது. ஊழியத்தில் நான் பழக்கியவர்களில் அவன்தான் முதல். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "ஸ்தோத்திரம் ஐயா" என்று வாயைத் திறப்பதற்குள் நான் விரலை உதட்டில் வைத்தேன்.

அவனுக்குப் புரியவில்லை. கதவருகில் வந்து, "என்னங்கய்யா?" என்றான் மெதுவாக.

"ரத்தினம் தூங்குறா."

"பரவால்லங்கய்யா. பாட்டு வேணாம். ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போறோம். அம்மாவ மெல்ல எழுப்பி…"

"எழுப்ப வேணாம்."

"ஐயா, நீங்கதானே சொல்லுவீக, தூக்கம் நாளைக்கும் வரும்னு…"

"சொன்னேன். போயிட்டு வாங்கப்பா."

அவன் முகம் சுருங்கியது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரை ஜாடையாகப் பார்த்தார். ஆரஞ்சுப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்பி நடந்தார்கள். இதுதான் நடந்தது. நான் ஜெபத்தை மறுத்தேன் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு மனத்தில் நிம்மதிதான் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ரத்தினத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அவள் எழுந்தபோது ஜன்னல் வெயில் சுவரில் ஏறியிருந்தது. பதறிப்போய் உட்கார்ந்தாள். "மணி என்னாச்சு? அவுக இன்னும் வரலயா?"

"யாரு?"

மாரியப்பன்தான் சொன்னார். "அக்கா, ஒரு படையே வந்துச்சு. ரைட்டரய்யா ஒத்த வெரல்ல அத்தனை பேரையும் பத்தி விட்டுட்டாரு."

ரத்தினம் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. கோபம் என்றால் பரவாயில்லை.

"நான்தான வரச் சொன்னேன்" என்றாள்.

"நீயா?"

"வெள்ளிக்கெழம தானியேலுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நாலஞ்சு நாளா எனக்கு ஜெபமே வரலங்க. கண்ண மூடுனா வாய் வரல, மனசும் நிக்கல. மதுரைக்கு அனுப்பிருவோம்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போறாக. எனக்கு ஆண்டவர்கிட்ட என்னன்னு கேக்குறதுன்னு தெரியல. அவுக வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா நான் ஆமென் மட்டும் சொல்லிக்கிருவேன்ல? அது ஒண்ணுதான கேட்டேன்."

அவளுக்கு எது ஓய்வு என்பதை இத்தனை வருஷமும் நான்தான் தீர்மானித்தேன். அன்றும் நான்தான் தீர்மானித்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். களைத்துப்போனவர்களுக்கு, தங்களுக்காக இன்னொருவர் ஜெபிப்பதும் ஓர் ஓய்வுதான். ஆஸ்பத்திரி ஊழியத்தை ஆரம்பித்த எனக்கே அது தெரியவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பிய காலத்திலும் தெரியவில்லை. எழுப்பவிடாமல் தடுத்த அன்றும் தெரியவில்லை.

"என்னத் தூங்க வைக்கணும்னு இன்னிக்குத்தான் தோணுச்சாக்கும்?" என்றாள். குரலில் சூடு தணிந்திருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

"தானியேல வரச் சொல்லட்டா? போன் பண்ணினா திரும்பி வந்துருவாங்க."

"வேணாம். பாவம், வெயில்ல வந்துட்டுப் போயிருக்காக."

"அப்ப நான் பண்றேன்" என்றேன்.

"உங்களுக்கு மூச்சுக் கெடயாது. உங்க ஜெபம் உலகத்தையே சுத்திட்டு வரும்."

அவள் சொன்னது சரிதான். சபையில் நான் ஜெபிக்க எழுந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்கும் தெரியும். அன்று ஆக்சிஜன் குழாயோடு நாலு வார்த்தைக்கு மேல் ஒரே மூச்சில் பேச முடியாது. கண்ணை மூடினேன். வழக்கமாகச் சொல்லும் எந்த வாக்கியமும் அந்த மூச்சுக்குள் அடங்கவில்லை.

"ஆண்டவரே, ரத்தினம் களைச்சுப் போயிட்டா" என்றேன். மூச்சு வாங்கினேன். "எனக்கும் பயமா இருக்கு." மறுபடி மூச்சு வாங்கினேன். "நீங்க பாத்துக்கோங்க."

"ஆமென்" என்றாள் ரத்தினம்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து, "ஆமென்" என்று இன்னொரு குரல் வந்தது. கண்ணைத் திறந்தால் மாரியப்பன் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அம்புட்டுத்தானா? அன்னிக்கு இப்படிப் பண்ணியிருந்தா நான் மறுபடி தூங்கியிருப்பேன்லய்யா" என்றார்.

ரத்தினம் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் கையை ஊன்றி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படிப் பண்ணத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். பிறகு பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடிக்க வேண்டிய அளவைவிட அது கொஞ்சம் அதிகம். நான் கணக்குச் சொல்லவில்லை.

அன்றிரவு நான் அவளைக் கூப்பிடவில்லை. திங்கள் எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்திருந்தது. அந்த ஜெபத்தால் என்று எழுதினால் சபையில் எல்லோருக்கும் பிடிக்கும். மருந்தின் அளவை டாக்டர் சனிக்கிழமையே கூட்டியிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் பிரித்து எடை போட என்னிடம் தராசு இல்லை. புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தானியேலின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "பரவால்லங்கய்யா" என்றான். அவன் மனம் ஆறவில்லை என்று தெரிகிறது. என்னால் பழக்கப்பட்டவன்தானே, அவனுக்கும் அவ்வளவு சுலபமாக விரியாது. ஊழியத்தில் தூங்குகிறவர்களை இப்போது எழுப்புகிறார்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. எழுப்பாதீர்கள் என்று இன்னொரு விதி போடவும் மனம் வரவில்லை. அந்தக் கட்டிலில் கிடப்பவருக்கு என்ன வேண்டுமென்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன். விருந்தாளிகளை வேறு வீடுகளுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டதும் இரண்டு பேரும் படுக்கிறோம். தூக்கம் வருகிறதா என்றால், இல்லை. மூன்று மணி ஆனால் என் கால் செருப்பைத் தேடுகிறது. ரத்தினம் கொஞ்ச நேரம் புரண்டுவிட்டு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவுகிறாள். "வந்து படேன்" என்றால், "படுத்தா என்னமோ தப்புப் பண்ற மாதிரி இருக்குங்க" என்கிறாள். அந்த எண்ணத்தை அவளுக்குள் வைத்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன மாதம் மறுபடி எக்கோ எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றார். இறுகியது இறுகியதுதான் என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் கேட்டேன், கொஞ்சமாவது விரிகிறதா என்று.

"கொஞ்சம் விரியுது ஐயா" என்றார். "அதை வெச்சுத்தான் ஓடிக்கிட்டு இருக்கு."

வெளியே வந்து அதை ரத்தினத்திடம் சொன்னேன். வரிசையில் காத்திருந்தவர்களுக்கு நடுவே அவள் சுவரில் தலைசாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை. மறுபடி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்துச் சீட்டு வாங்க வேண்டும், போடி பஸ்சுக்கு நேரமாகிறது. அவளாகக் கண்ணைத் திறக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.